மீசப்புலிமலையிலிருந்து போடி வரை, ராத்திரிக்கு ஒரு கேபின் என்று நடந்தே போக முடியுமா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை எங்கள் ஊர், வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீசில் மலையாளம். குடியரசு தினத்தை ஒட்டி எனக்கும் மச்சானுக்கும் சேர்ந்தாற்போல் ஐந்து நாள் லீவு அமைகிறது, இது எப்போதாவது நடக்கிற அதிசயம், வீணாக்க மனசில்லை. போவது நாலு பேர்: நான், மனைவி, மச்சான், மாமனார். மாமனாருக்கு 61 வயது, மில்லிலிருந்து ரிட்டயர் ஆனவர், தினமும் விடியற்காலை வாய்க்கால் கரையில் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறார். சுகர் பிரஷர் எதுவும் கிடையாது, முழங்கால் மட்டும் இறக்கத்தில் கொஞ்சம் முனகும்.

மச்சான்தான் ஆரம்பித்து வைத்தான். ஆல்ப்ஸ் மலையில் யாரோ நடக்கிற வீடியோ பார்த்திருக்கிறான். பகலெல்லாம் நடை, சாயங்காலம் ஒரு மரவீடு, சூடாக சூப்பு, படுக்கக் கட்டில், மறுநாள் எழுந்து அடுத்த மரவீடு. கூடாரம் தூக்க வேண்டாம், அரிசி பருப்பு தூக்க வேண்டாம். நம்ம மலையில் ஏன் இதைச் செய்யக் கூடாது என்று மேப்பில் ஒரு கோடு இழுத்துவிட்டான்: மூணாறு, ரோடோ மேன்ஷன், மீசப்புலிமலை, கொழுக்குமலை, குரங்கணி, போடி. நாலு ராத்திரி. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

இந்தக் கோட்டில் நிஜமாகவே நடக்க முடியுமா, ராத்திரி தங்கக் கேபின் எங்கெங்கே கிடைக்கும், மாமனாரைக் கூட்டிக்கொண்டு போகலாமா, இது மூன்றும் தெரிந்தால் போதும். போனவர்கள் சொல்லுங்கள். "கூகுள் பண்ணிப் பாருங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள், பண்ணிவிட்டுத்தான் வந்திருக்கிறேன், ஒருவர் முடியும் என்கிறார், இன்னொருவர் முடியாது என்கிறார், மூன்றாமவர் தன் டிராவல்ஸ் நம்பரைக் கொடுக்கிறார்.

லயத்துப் பையன், மூணாறு:

அண்ணா, மச்சான் போட்ட கோட்டை முதலில் அழித்துவிடுங்கள். நான் பிறந்து வளர்ந்ததே எஸ்டேட் லயத்தில்தான் (லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு), அந்தக் கோட்டில் பாதிக்கு மேல் எனக்குக் காலால் தெரியும். அதனால்தான் சொல்கிறேன்.

மீசப்புலிமலை 2640 மீட்டர். பக்கத்தில் ஆனைமுடி 2695, அவ்வளவுதான் வித்தியாசம். மீசப்புலிக்கு ஆள் கூட்டிப் போவது கேரள வன மேம்பாட்டுக் கழகம். பேஸ் கேம்ப்பில் டென்ட், அதைத் தாண்டி மேலே ரோடோ மேன்ஷன். நீங்கள் தேடுகிற மாதிரி மலைக்குள்ளே சுவரும் கூரையும் உள்ள இடம் அதுதான். அங்கிருந்து காலையில் கைடோடு கிளம்பி, ஒரு மேடு ஏறி இறங்கி, அடுத்த மேடு ஏறி இறங்கி (இதுதான் உச்சி என்று குறைந்தது மூன்று தடவை ஏமாறுவீர்கள்) உச்சிக்குப் போய்விட்டு அதே வழியில் திரும்ப வேண்டும். உச்சியில் நின்றால் அந்தப் பக்கம் தேனி மாவட்டம் தட்டில் வைத்த மாதிரி தெரியும். தெரிகிறதே, இறங்கிவிடலாமே என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். இறங்கக் கூடாது. அது இன்னொரு மாநிலக் காடு, அதற்கு அனுமதி தனி. கேரளாக்காரன் கொடுத்த சீட்டைக் காட்டி நீங்கள் தமிழ்நாட்டுக் காட்டில் நடக்க முடியாது.

குரங்கணி பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2018 மார்ச் 11. கொழுக்குமலைப் பக்கத்திலிருந்து இறங்கியவர்கள் புல் தீயில் மாட்டினார்கள், இருபது பேருக்கு மேல் போய்விட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் லயத்து வாசலில் நின்று மலைக்குப் பின்னால் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தோம், உள்ளே ஆள் இருக்கிறார்கள் என்று அப்போது தெரியாது. வழக்கமாகக் கோடையில் எரிகிற தீதானே என்று நினைத்தோம். அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு என்று தனி விதி வந்தது. 2024 அக்டோபரில் அரசே 40 பாதைகளை எடுத்து ஆன்லைனில் புக்கிங் திறந்தது, குரங்கணியிலிருந்து சாம்பலாறு போகிற பாதை அதில் உண்டு. ஆனால் அதெல்லாம் பகல் நடை, கேபினுக்குக் கேபின் போகிற கதை இல்லை.

சூரியநெல்லி, சின்னக்கானல் பக்கம் யானை வேறு. அரிக்கொம்பனை மறந்திருக்க மாட்டீர்கள். 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் மயக்க ஊசி போட்டுப் பிடித்து பெரியாறு காட்டில் விட்டார்கள், அவன் மே மாதம் கம்பம் டவுனுக்குள் நடந்து வந்தான், ஜூனில் மறுபடி பிடித்து களக்காடு முண்டந்துறையில் கொண்டுபோய் விட்டார்கள். எனக்குத் தெரிந்து பர்மிட் இல்லாமல் இரண்டு மாநிலத்தையும் சுற்றிப் பார்த்தது அவன் ஒருவன்தான்.

இன்னொன்று, சிரிக்காதீர்கள். மீசப்புலி பேஸ் கேம்ப் இருக்கிற இடத்துக்கு சைலண்ட்வாலி என்று பேர். அது மூணாறில் இருக்கிற சைலண்ட்வாலி எஸ்டேட். உங்கள் மாவட்டத்தில் முக்காலிப் பக்கம் இருக்கிற சைலண்ட்வாலி தேசியப் பூங்கா வேறு. புக்கிங் சீட்டில் சைலண்ட்வாலி என்று பார்த்துவிட்டு மண்ணார்க்காட்டுக்கு பஸ் ஏறிய ஒரு கோஷ்டி, மத்தியானம் எனக்கு போன் செய்து "ஜீப் எங்கே நிற்கிறது" என்று கேட்டது. பாலக்காட்டுக்காரர்கள் என்பதால் உங்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம்.

ஸ்டுட்கார்ட் வண்டிப்பெரியாறு:

பூர்வீகம் வண்டிப்பெரியாறு, வேலை ஜெர்மனியில். மச்சான் பார்த்த வீடியோ அநேகமாக மோன் பிளாங்க் மலையைச் சுற்றுகிற பாதையாக இருக்கும். மூன்று நாடு, ஏறத்தாழ 170 கிலோமீட்டர், பத்துப் பதினோரு நாள். நான் அதில் நாலு நாள் மட்டும் நடந்தேன், மீதியைக் கண்ணால் பார்த்ததோடு சரி.

அங்கே அது நடப்பதற்குக் காரணம் மலை அல்ல, படுக்கை. நூறு வருஷத்துக்கு மேலாக மலையேற்றச் சங்கங்கள் ஒருநாள் நடை தூரத்துக்கு ஒரு வீடு கட்டி வைத்திருக்கின்றன. வாசலிலேயே பூட்ஸைக் கழற்றிவிட வேண்டும், உள்ளே போக அவர்கள் வைத்திருக்கிற ரப்பர் செருப்பு. போர்வை அவர்களுடையது, ஆனால் அதற்குள் போட்டுக்கொள்ளும் துணி உறை நம்முடையதாக இருக்க வேண்டும். ராத்திரிச் சாப்பாடு எல்லோருக்கும் ஒரே நேரம், ஒரே சட்டி. பக்கத்தில் படுக்கிறவர் குறட்டை இலவசம். கோடைக்கு இடம் வேண்டுமென்றால் குளிர்காலத்திலேயே எழுதிப் போட வேண்டும், ஒரு வீட்டில் இடம் இல்லை என்றால் மொத்தத் திட்டமும் ஒருநாள் தள்ளிப்போகும்.

எந்த ஊர் மலைக்குப் போனாலும் இதே கணக்குத்தான் என்று நினைக்கிறேன். படுக்கை எங்கே என்று முதலில் பாருங்கள், அவற்றுக்கு நடுவில் என்ன மலை வருகிறதோ அதுதான் உங்கள் பாதை. மச்சான் தலைகீழாகப் போட்டுவிட்டார்.

தூரத்தைக் கிலோமீட்டரில் யோசிக்காதீர்கள், மணியில் யோசியுங்கள். நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892இல் சொன்ன கணக்கு ஒன்று இன்னும் ஓடுகிறது. சமதளத்தில் மணிக்கு 5 கிலோமீட்டர், ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் ஒரு மணி நேரம் கூடுதல். அது நல்ல பாதையில் ஓய்வே எடுக்காமல் நடக்கிற ஆளுக்கு. கூட 61 வயதில் ஒருவர், போட்டோ எடுக்கிற ஒரு மச்சான் என்றால் வருகிற விடையோடு பாதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குமுளிக்காரி:

மேலே இரண்டு பேரும் சொன்னது சரி. தம்பி, உங்களுக்கு வேண்டியது நடையா, கேபினா என்று முதலில் முடிவு பண்ணுங்கள். நடை என்றால் எங்கள் ஊருக்கு வாருங்கள்.

தேக்கடியில் பெரியாறு டைகர் டிரெயில் என்று ஒன்று வனத்துறை வழியாக நடக்கிறது. ஒரு ராத்திரி இரண்டு பகல், இல்லையென்றால் இரண்டு ராத்திரி மூன்று பகல். ஒரு கோஷ்டிக்கு விரல் விட்டு எண்ணுகிற அளவு ஆட்கள்தான், கூடவே கைடுகள், துப்பாக்கியோடு ஒரு காவலர். இந்தக் கைடுகளின் கதைதான் விசேஷம். இவர்களில் பலர் ஒரு காலத்தில் இதே காட்டில் வயணப்பட்டை (காட்டு லவங்கப்பட்டை) உரித்துக் கடத்திக்கொண்டிருந்தவர்கள். கேஸ், ஜாமீன், வக்கீல் என்று அலைந்துகொண்டிருந்தவர்களை 1990களின் கடைசியில் வனத்துறை கூப்பிட்டுப் பேசி, கேஸை ஒரு வழி பண்ணி, காட்டைக் காக்கிற வேலைக்கே வைத்தது. வெறும் காலடி மண்ணைப் பார்த்து காட்டி போய் எத்தனை நேரமாச்சு என்று சொல்வார்கள் (காட்டி என்றால் காட்டுமாடு, எங்கள் பக்கம் அப்படித்தான்). எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள், பாதிப் பேர் கம்பம் கூடலூர்ப் பக்கத்துச் சொந்தக்காரர்கள், தமிழில் நன்றாகப் பேசுவார்கள், உங்கள் மாமனாருக்குப் பொழுது போகும்.

ஆனால் அங்கே ராத்திரி டென்ட். கேபின் இல்லை. சாமான் நம் முதுகில், சமையல் அவர்கள் கையில். மாமனாரின் முழங்காலுக்கு ஏற்ற இறக்கம் மீசப்புலி அளவு கிடையாது, அது ஒரு வசதி. அட்டைக்குத் துணி சாக்ஸ் தருவார்கள், ஜனவரியில் அட்டை குறைவு, ஆனாலும் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம், வயிற்றெரிச்சலில் சொல்கிறேன். போன வருஷம் என் நாத்தனார் குடும்பம் "ஃபாரஸ்ட் கேபின், உள்காடு" என்று ஒரு விளம்பரத்தை நம்பி முன்பணம் கட்டினார்கள். வந்து பார்த்தால் மெயின் ரோட்டுக்குப் பக்கத்தில் ஏலத்தோட்டத்துக்குள் நாலு தகர ரூம், ராத்திரி முழுக்க லாரிச் சத்தம். பணம் திரும்பவில்லை. வனத்துறை, வன மேம்பாட்டுக் கழகம், இவர்களுடைய சொந்த இணையதளத்தில் மட்டும் புக் பண்ணுங்கள். வாட்ஸ்அப்பில் யாராவது பர்மிட் வாங்கித் தருகிறேன் என்றால் நம்பரை பிளாக் பண்ணிவிட்டு டீ குடியுங்கள்.

களியக்காவிளை:

அகத்தியர்கூடத்தை யாருமே சொல்லவில்லையே! நீங்கள் கேட்கிற கேபின் நடைக்கு நம் பக்கத்தில் ரொம்பக் கிட்டத்தில் வருவது அதுதான். உங்கள் தேதியும் பொருந்துகிறது. ஜனவரி நடுவில் திறந்து சிவராத்திரி வாக்கில் மூடுவார்கள்.

1868 மீட்டர். மூன்று நாள். திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாகப் போணக்காடு. முதல் நாள் போணக்காட்டிலிருந்து அதிருமலை கேம்ப், 15 கிலோமீட்டர் வாக்கில். இரண்டாம் நாள் அங்கிருந்து உச்சி, போக 6 கிலோமீட்டர் போல, திரும்பி அதே கேம்ப். மூன்றாம் நாள் இறக்கம். ஆக ஒரே கேபினில் இரண்டு ராத்திரி. கேபின் என்றால் கற்பனையைக் குறைத்துக்கொள்ளுங்கள். கொட்டகை, பாய், சுற்றிலும் யானை வராமல் அகழி. ராத்திரி கஞ்சியும் பயறும். ஆனால் பதினைந்து கிலோமீட்டர் நடந்துவிட்டு அந்தக் கஞ்சியைக் குடித்துப் பாருங்கள், எங்கள் வீட்டுக் கல்யாணச் சாப்பாடு கூட அப்படி இறங்கினதில்லை.

முதல் நாள் பாதி தூரம் ஆறும் ஓடையும் நிழலுமாகச் சுகமாகப் போகும். அப்புறம் புல்மேடு, ஒரு மரம் கிடையாது. காலையில் சீக்கிரம் உள்ளே போகாவிட்டால் அந்தப் புல்மேட்டில் பன்னிரண்டு மணி வெயில் தலையில் இறங்கும். அதன் பிறகு ஏழுமடக்கன் தேரி, முட்டிடிச்சான் தேரி. பேரிலேயே எல்லாம் இருக்கிறது, ஒன்று ஏழு மடக்காக வளைந்து ஏறும், இன்னொன்றில் முட்டி வந்து நெஞ்சில் இடிக்கும். எனக்கு அதிருமலை போய்ச் சேர ஏழரை மணி நேரம் ஆனது, அப்போது எனக்கு 44 வயது, நெய்ஸ்மித் சாயிப்பு மன்னிக்கணும்.

உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் பொங்கலப்பாறை. நம்ம தாமிரபரணி அங்கேதான் சின்னதாகக் கசிகிறது, கையில் அள்ளிக் குடித்தேன், திருநெல்வேலி வரை போகிற ஆறு உள்ளங்கையில் அடங்கியது. கடைசிப் பாறைகளில் கயிறு கட்டியிருப்பார்கள், அதைப் பிடித்து ஏற வேண்டும். மேலே காற்று ஆளைத் தள்ளும். அகத்தியர் சிலை சின்னதுதான். பாபநாசம் பக்கமிருந்து ஏறுகிற பழைய பாதை புலிகள் காப்பகத்தில் மூடிக் கிடக்கிறது, ஆக நம் முனிவரைப் பார்க்க நாம் கேரளா வழியாகத்தான் போக வேண்டியிருக்கிறது. அதில் எனக்குப் பெரிய வருத்தம் உண்டு, அது வேறு கதை.

கூட வருகிற கைடுகள் காணிக்காரர்கள், இந்த மலையின் பழங்குடிகள். தமிழும் மலையாளமும் கலந்த ஒரு பேச்சு, காது கொடுத்தால் புரிந்துவிடும். 1987இல் விஞ்ஞானிகள் இந்த மலையில் சுற்றும்போது, கூட வந்த காணிக்காரர்கள் ஒரு சின்னக் காயைத் தின்றுகொண்டு களைப்பே இல்லாமல் நடந்ததைக் கவனித்துத்தான் ஆரோக்கியப்பச்சை என்கிற அந்த மூலிகை வெளியுலகத்துக்குத் தெரிந்தது. நான் எங்கள் கைடிடம் அந்தக் காய் கிடைக்குமா என்று கேட்டேன். "பையைக் குறைங்க சாரே" என்றார்.

பெண்கள் போகலாமா என்று உங்கள் வீட்டில் யாராவது கேட்டால், 2019 ஜனவரியிலிருந்து போகிறார்கள், அதற்கு முன் கோர்ட்டு வரை போக வேண்டியிருந்தது. மருத்துவச் சான்றிதழ் கேட்பார்கள், கிளம்புவதற்கு ஒரு வாரத்துக்குள் எடுத்ததாக இருக்கட்டும். பிளாஸ்டிக், மது, பூஜைச் சாமான் எதுவும் உள்ளே விட மாட்டார்கள். புக்கிங் ஜனவரி தொடக்கத்தில் திறக்கும், திறந்த வேகத்தில் தீரும், நாலு பேரும் நாலு போனில் உட்காருங்கள்.

சும்மா ஒரு ஆள்:

எதுக்கு இவ்வளவு பாடு? சூரியநெல்லியில ஜீப் ஏறினா ஒன்றரை மணி நேரத்தில கொழுக்குமலை, சூரிய உதயம், ஒரு டீ, திரும்பி வந்து மத்தியானம் பிரியாணி.

லயத்துப் பையன், மூணாறு:

அந்த ஜீப்பில் ஒருதடவை போய்விட்டு வந்தால் நடந்தே போயிருக்கலாம் என்று இடுப்பு சொல்லும்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மச்சான் முகம் சுருங்கிவிட்டது, ஆனாலும் ஒப்புக்கொண்டான். வீட்டில் உட்கார்ந்து பேசினோம். அகத்தியர்கூடம் என்றதும் மனைவி பிடித்துக்கொண்டாள், மாமனார் "பதினைந்து கிலோமீட்டர்தானே" என்கிறார், வாய்க்கால் கரைக் கணக்கில். எனக்குத்தான் பயம். ஏறிவிடுவார், மூன்றாம் நாள் இறக்கத்தில் முழங்கால் பிடித்துக்கொண்டால் நடுக்காட்டில் என்ன செய்வது?

இப்போதைக்கு யோசனை இரண்டு. ஒன்று, நாலு பேரும் மீசப்புலி, ரோடோ மேன்ஷனில் ஒரு ராத்திரி, வழியில் சின்னாறில் ஒரு ராத்திரி. நாங்கள் எப்படியும் பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் வழியாகத்தான் மூணாறு போக வேண்டும், சின்னாறு சரணாலயத்தில் காட்டுக்குள் நடந்து போய்ச் சேருகிற மரவீடுகள் இருக்கிறதாமே, வஸ்யப்பாறை, கூட்டாறு என்று பேர் பார்த்தேன். இரண்டாவது, அகத்தியர்கூடத்துக்கு புக்கிங் கிடைத்தால் நாங்கள் மூவர் மட்டும். எது? அப்புறம் பையில் என்ன வைப்பது, எதை விடுவது?

லயத்துப் பையன், மூணாறு:

முதலாவது. மாமனாரை வீட்டில் விட்டுவிட்டுப் போனால் வருஷம் முழுக்க அதைக் கேட்க வேண்டியிருக்கும், எனக்கு அனுபவம் உண்டு.

சின்னாறு மரவீடு நல்ல யோசனை. மழை மறைவுப் பிரதேசம், முள்ளுக்காடு, நடை குறைவு, கைடு கூடவே இருப்பார். அங்கே ஒரு ராத்திரி இருந்தால் யார் தூங்குவார்கள், யார் எலிச் சத்தத்துக்கு எழுந்து உட்காருவார்கள், யார் பை தூக்க மாட்டார்கள் என்று எல்லாம் தெரிந்துவிடும். மறுநாள் மறையூரில் வெல்லம் ஒரு உருண்டை வாங்கிப் பையில் போடுங்கள், மேட்டில் அதைவிட நல்ல சாக்லேட் கிடையாது. அடுத்த ராத்திரி மூணாறு டவுனில் ஓய்வு, அதற்கடுத்த நாள் மேலே. ரோடோ மேன்ஷன் உங்கள் தேதியில் திறந்திருக்கிறதா என்று புக் பண்ணும்போதே போன் போட்டும் கேளுங்கள், காட்டுத்தீ பயம் வந்தால் சட்டென்று மூடிவிடுவார்கள். வரையாடு பார்க்கவும் அதே சமயம் போய்விடுங்கள், பிப்ரவரி மார்ச்சில் குட்டி போடுகிற காலம் என்று இரவிகுளம் தேசியப் பூங்காவை மூடிவிடுவார்கள். குறிஞ்சி கேட்காதீர்கள், 2018இல் பூத்தது, இனி 2030. காட்டுப்பூவரசு (இங்கிலீஷில் ரோடோடென்ட்ரான்) வேண்டுமானால் அங்கங்கே சிவப்பாகத் தொடங்கியிருக்கும், ரோடோ என்கிற பேரே அதனால்தான்.

குளிரைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஜனவரியில் செண்டுவாரை, லெட்சுமி, சைலண்ட்வாலி பக்கமெல்லாம் பூஜ்யத்துக்குக் கீழே போகிற ராத்திரிகள் உண்டு. விடியற்காலை எங்கள் வாசலில் கழுவிக் கவிழ்த்த குண்டானின் அடியில் தண்ணீர் கண்ணாடி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும், தட்டினால் வட்டமாகக் கழன்று வரும். சின்ன வயதில் அதை அப்பளம் என்று சொல்லி விளையாடுவோம். புல்வெளி வெள்ளையாக இருக்கும், ஏழரை மணிக்கு வெயில் பட்டதும் காணாமல் போகும், எட்டரைக்கு வேர்க்கும். அதனால் ஒரே தடிமனான ஸ்வெட்டர் வேண்டாம், மெல்லிசாக மூன்று. கழற்றிக் கழற்றிப் பையில் வைக்கலாம். தூங்குவதற்கு என்று ஒரு ஜோடி காய்ந்த சாக்ஸ் தனியாக ஒரு கவரில் கட்டி வையுங்கள், நடக்கும்போது என்ன ஆனாலும் அதைத் தொடக் கூடாது.

ஷூ புதிதாக வாங்காதீர்கள். வாங்கியே தீருவேன் என்றால் இன்றைக்கே வாங்கி, இரண்டு மாதம் அதைப் போட்டுக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போங்கள். இறங்கும்போது கயிற்றைக் கணுக்காலுக்கு மேலே இறுக்கிக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் பாதம் முன்னால் சறுக்கிப் பெருவிரல் நுனி ஷூவில் குத்திக்கொண்டே வரும். கல்லூரியில் படிக்கும்போது இதைத் தெரியாமல் இறங்கி, இரண்டு பெருவிரல் நகமும் நாவல்பழம் மாதிரி கறுத்து, ஒரு மாதம் கழித்துக் கழன்று விழுந்தது. மாமனாருக்கு இரண்டு கைக்கும் கம்பு, மூங்கில் போதும். இறக்கத்தில் கம்புதான் முதலில் கீழே போக வேண்டும், கால் அதற்குப் பின்னால். முழங்கால் பட்டையை ஏறும்போது போடச் சொல்லாதீர்கள், கசகசவென்று கழற்றி எறிந்துவிடுவார், இறங்க ஆரம்பிக்கும்போது போடட்டும்.

பயிற்சிக்கு வாய்க்கால் கரை உதவாது. உங்களுக்குப் பழனி பக்கம்தானே? வாரம் ஒருதடவை போய், அன்றைக்குத் தூக்கப் போகிற அதே பையை முதுகில் மாட்டிக்கொண்டு படியில் ஏறுங்கள். முக்கியமாகப் படியிலேயே இறங்குங்கள். விஞ்ச்சில் இறங்கினால் கணக்கில் சேராது.

குமுளிக்காரி:

பழனியில் பையோடு நாலு பேர் ஏறினால் இது என்ன புது வேண்டுதல் என்று கேட்பார்கள், பதில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். தம்பி, மனைவிக்கு ஒரு டார்ச் தனியாக, தலையில் மாட்டுகிற வகை. ராத்திரி பாத்ரூம் போக மொபைல் வெளிச்சத்தை நம்பி ஒரு கையை வீணாக்கக் கூடாது. நாப்கின் கொண்டுபோனால் திரும்பக் கொண்டுவர ஒரு மூடி போட்ட டப்பா. இதை யாரும் எழுத மாட்டார்கள், அதனால் நான் எழுதுகிறேன்.

களியக்காவிளை:

சரி, இந்த வருஷம் மீசப்புலி போங்க, அடுத்த வருஷம் அகத்தியரிடம் வாங்க, அவர் எங்கேயும் போய்விட மாட்டார். ஒன்று கேட்க விட்டுப்போனது, லயத்துத் தம்பி. டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் ஸ்டேஷன் என்று அந்தப் பக்கம் பேர் இருக்கிறதே, அங்கே ரயில் கிடையாதே?

லயத்துப் பையன், மூணாறு:

இருந்தது. குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன் வரைக்கும் சின்ன ரயில், அங்கிருந்து தேயிலைப் பெட்டி ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கும், அப்புறம் போடி. 1924 வெள்ளத்தில் ரயில் போய்விட்டது, பேர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெட்டிக்குத்தான் ரோப்வே, ஆளுக்கு இல்லை. எங்கள் அப்பத்தா போடியிலிருந்து குரங்கணி வழியாக நடந்து ஏறித்தான் எஸ்டேட்டுக்கு வேலைக்கு வந்தது. தலையில் ஒரு தகரப் பெட்டி, இடுப்பில் எங்கள் பெரியப்பா. வழியில் ராத்திரி எங்கே தங்கினாய் என்று கேட்டதற்கு, "பாறைக்குக் கீழ, தீயைப் போட்டுக்கிட்டு" என்று சொன்னது. மச்சான் போட்ட கோடு அதே பாதைதான், என்ன, தலைகீழாக.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

இதை மாமனாரிடம் படித்துக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை பழனிக்குப் போகலாம், பையில் என்ன எடை வைக்க வேண்டும் என்று கேட்கிறார். தலா எத்தனை கிலோ?

லயத்துப் பையன், மூணாறு:

அவருக்கு நாலு கிலோ, தண்ணீரோடு சேர்த்து. மிச்சமெல்லாம் மச்சான் முதுகில்.